நண்டு எடுத்துக் கொடுத்த சட்டை

இன்று காலை கட்டிலுக்கு அடியில் உருண்டு போன நூல்கண்டை உன் நண்டுதான் எடுத்துக் கொடுத்தது.

நண்டு என்று நீ பெயர் வைத்த அந்த நீளக் குச்சியைச் சொல்கிறேன். இந்த முனையில் கைப்பிடியை அழுத்தினால் அந்த முனையில் இரண்டு ரப்பர் விரல்கள் மூடிக்கொள்ளும். குனிய முடியாதவர்களுக்காக யாரோ யோசித்துச் செய்தது. உள்ளங்கை வியர்த்து வழுக்குகிறது என்று கைப்பிடியில் நீ சுற்றிய சிவப்பு டேப் இன்னும் அப்படியே இருக்கிறது. ஓரங்களில் பசை கசிந்து பிசுபிசுக்கிறது. ஒன்பதாம் மாத வயிற்றோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து நண்டை உள்ளே விட்டுத் துழாவினேன். செருப்பு வந்தது, அப்புறம் ஒரு பழைய செய்தித்தாள், கடைசியில்தான் நூல்கண்டு.

நூல்கண்டு எதற்கு என்று நீ கேட்பாய். குரோஷா ஊசியால் பின்னுகிறேன். டி.வி.க்கு உறை. அம்மா கேட்டபோது அப்படித்தான் சொன்னேன். எங்கள் வீட்டு டி.வி. சுவரில் மாட்டியது, அதற்கு உறையே தேவையில்லை. இளமஞ்சளில் முயல் காது வைத்த ஓரம் அதற்கு இன்னும் தேவையில்லை. ஆனால் பிள்ளை பிறக்கும் முன்னால் பிள்ளைக்கென்று எதையும் வாங்கவோ செய்யவோ கூடாது என்பது எங்கள் வீட்டிலும் சட்டம், உன் வீட்டிலும் சட்டம். அந்தச் சட்டத்தை மீறாமலே சுற்றிப் போகும் வழியை உன்னிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

நீ பள்ளிபாளையத்தில் யாழினியைச் சுமந்துகொண்டிருந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சேலத்திலிருந்து பஸ் ஏறி வருவேன். ஒரு ஞாயிறு நான் உள்ளே நுழையும்போது கூடத்தின் நடுவில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி பிரிந்து கிடந்தது. பக்கத்தில் இளநீலப் பிளாஸ்டிக் தொட்டி. உன் மாமியார் அதை முறைத்துக்கொண்டு நின்றார்.

"இதென்ன கண்ணு, தொட்டியாட்ட இருக்குது?"

"துணி ஊறவெக்கறதுக்குங்க அத்தை."

"வாத்துப் படம் போட்டிருக்குது?"

"வாத்து தண்ணியில இருக்கறதுதானுங்களே."

அவர் தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் இரண்டு புடவைகளைக் கொண்டுவந்து அதில் ஊறப்போட்டார். யாழினி பிறக்கும்வரை அது உண்மையிலேயே துணித் தொட்டியாகத்தான் இருந்தது. நாம் இருவரும் மாடிக்குப் போய், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும் புள்ள, உள்ள இருக்கறது முழிச்சுக்கும்" என்றாய்.

திருச்செங்கோட்டில் கல்லூரி விடுதியில் ஒரே அறை கிடைத்த நாளிலிருந்தே நீ சத்தம், நான் புத்தகம். குமாரபாளையத்தில் விசைத்தறிக்கு நடுவில் பிறந்தவள் நீ. "எங்கூட்ல மெதுவாப் பேசுனா பேசலைன்னு அர்த்தம்" என்பாய். எனக்கோ மனதில் இருப்பது வாய்க்கு வர ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்தில் நீ எனக்கும் சேர்த்துப் பேசி முடித்திருப்பாய்.

கர்ப்பம் உன்னை ஒரு விதமான ஆராய்ச்சிக்காரி ஆக்கியது. வேலையை விட்டு வீட்டில் இருந்தாய், கைப்பேசியில் தேடித் தேடிப் பொருள்களை வரவழைத்தாய். ஒவ்வொன்றுக்கும் ஒரே சொல்லில் தீர்ப்பு: தேறும், அல்லது தேறாது. இடுப்பைத் தாங்கும் பட்டை தேறாது. "மூட்டையைக் கட்டி லாரில ஏத்துன மாதிரி இருக்குது." குளியலறைத் தரையில் ஒட்டிக்கொள்ளும் பாதம் தேய்க்கிற பிரஷ் தேறும். உடம்பைச் சுற்றி வளைத்துக்கொள்ளும் நீளத் தலையணை வந்தபோது அதற்கு மலைப்பாம்பு என்று பெயர் வைத்தாய். "இது தேறும். ஊட்டுக்காரருதான் தேற மாட்டாரு, பாவம், கட்டில்ல எடமில்லாம சோபாவுக்குப் போயிட்டாரு." ஆனால் உன் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு காசு கொடுத்து வாங்கியதல்ல. இறுகிப்போன பேன்ட்டின் பொத்தானில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி, ஓட்டை வழியாக இழுத்து மறுபடி பொத்தானிலேயே மாட்டினால் இரண்டு மாதம் ஓட்டலாம். சேலம் அஸ்தம்பட்டியில் நான் அலுவலகம் போய்வந்த ஐந்தாம் மாதமும் ஆறாம் மாதமும் அந்த ரப்பர் பேண்டில்தான் நின்றன. யாருக்கும் தெரியாது. உனக்கு மட்டும் சொல்கிறேன்.

நண்டு வந்த அன்று நான்தான் உன்னைக் கேலி செய்தேன். "எலி புடிக்கவா?" என்றேன்.

"சிரி புள்ள, சிரி. உனக்கும் ஒரு நாளைக்குக் காலு தெரியாமப் போகும். அப்ப இதையே தாரேன்."

சொன்னபடியே, யாழினி பிறந்த பிறகு செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தனுப்பினாய். அது என் அலமாரிக்குப் பின்னால் நின்றது. எனக்கு நாள் தள்ளிப்போய் விஷயம் உறுதியானபோது நீ இல்லை. மழைக்காலத்துக் காய்ச்சல் ஒன்று உன்னைக் கொண்டுபோய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கணவரிடம் சொன்னேன், அம்மாவிடம் சொன்னேன், அப்புறமும் ஒருவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு நண்டை வெளியே எடுத்தேன். அன்று மாலை அஸ்தம்பட்டியில் நாம் நின்று சாப்பிடும் தள்ளுவண்டிக்குப் போய் இரண்டு தட்டுவடை செட் வாங்கினேன். "மாங்கா தூக்கலாப் போடுங்கண்ணா" என்று சொல்லும்போது என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

"கூட ஒருத்தங்க வருவாங்களே, வரலீங்களா?" என்றார் வண்டிக்காரர்.

"இன்னைக்கு நான் மட்டுந்தாங்க" என்றேன். இரண்டையும் நானே சாப்பிட்டேன். காரத்தில் கண்ணில் நீர் வந்தது. மாங்காய் நன்றாக இருந்தது.

இப்போது சட்டைக்கு வருகிறேன். உனக்குச் சொல்லவேண்டியது அதுதான்.

பிறந்த பிள்ளைக்கு முதலில் புதுத்துணி போடுவதில்லை, நன்றாக வளர்கிற பிள்ளையின் பழைய சட்டையைக் கேட்டு வாங்கித்தான் போடுவது. முறைப்படி உனக்காக உன் அம்மாதான் கேட்டிருக்க வேண்டும். நீயே வயிற்றைத் தூக்கிக்கொண்டு நாமக்கல்லுக்கு எங்கள் அம்மாவிடம் வந்துவிட்டாய்.

"அம்மா, உங்க பேரன் சட்டை ஒண்ணு குடுங்க. அவனாட்டக் கொழுகொழுன்னு வேணும்."

"கொழுகொழுன்னு மட்டும் வராது கண்ணு. அவனாட்டக் கத்தறதும் சேந்துதான் வரும்."

"கத்தட்டுங்க. தறிச் சத்தத்துல ஒண்ணுங் கேக்காது."

அம்மா சிரித்துக்கொண்டே அண்ணன் மகனின் வெள்ளைச் சட்டையை எடுத்து வந்தாள். தையல் வெளிப்புறமாக இருக்கும், முதுகில் நாடா கட்டும் சட்டை. துவைத்துத் துவைத்து வாழைக்குருத்து மாதிரி ஆகியிருந்தது. அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்: "உங்க புள்ளைக்குப் புள்ள ஆகறப்ப என் கையாலயே இதைத் திருப்பிக் கொண்டாந்து தாரனுங்க."

அந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். என் பிள்ளையை உலகத்தில் முதலில் தொடும் துணி உன் வீட்டிலிருந்துதான் வரும் என்று இருந்தேன். வேறு எந்தச் சடங்கைப் பற்றியும் எனக்கு எந்த ஆசையும் இல்லை.

வளைகாப்பு முடிந்து அம்மா என்னை நாமக்கல்லுக்கு அழைத்து வந்த மறுவாரம் உன் கணவர் யாழினியோடு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. "அவ சொல்லிட்டே இருந்தாளுங்க, இதைக் கொண்டுபோய்க் குடுக்கோணும்னு" என்றார். பையை அம்மாவிடம் நீட்டினார். அம்மா இரண்டு கையாலும் பையை வாங்கினாள். அவர்களுக்குச் சோறு போட்டாள், யாழினிக்கு ஊட்டிவிட்டாள். அவர்கள் போன பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, பையை மேலே சிமென்ட் பலகையில் வைத்துவிட்டாள்.

"ஏம்மா அங்க வெச்சிட்ட?"

"இப்ப வேண்டாம் சாமி. நல்ல சட்டைதான். ஆனா மொதச் சட்டை, நல்லா இருக்கற ஊட்ல இருந்துதான் வாங்கறது. அண்ணங்கிட்ட வேற இருக்குது, கேட்டுக்கலாம்."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். உன் சாவுக்கு வந்து உன் தலைமாட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தவள் அவள். அவளுக்கு உன்மேல் குறை ஒன்றுமில்லை, என்னைப் பற்றிய பயம்தான். பயந்திருக்கும் அம்மாவிடம் எப்படி வாதாடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீயாக இருந்தால் வாத்துப் படத்துக்கே பதில் சொன்னவள், இதற்கும் ஏதாவது சொல்லியிருப்பாய். நான் படுத்தபடி, பலகையின் விளிம்பில் தொங்கும் மஞ்சள் பையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கடைக்குப் போகும் நேரம் பார்த்து நண்டை வைத்து இழுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்த சட்டையை அம்மா எப்படிப் பிள்ளைக்குப் போட்டுவிடுவாள்?

நேற்று உன் கணவர் நாமக்கல்லில் ஒரு உறவினர் கல்யாணத்துக்கு வந்திருந்தார். கூட்டத்தில் அலைய வேண்டாமென்று யாழினியை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். உள்ளே வந்ததும் அவள் கண்ணில் பட்டது, போன முறை உன் கணவர் அவளுக்குக் காட்டிச் சொல்லியிருந்த நண்டு.

"இது எங்கம்மா நண்டு" என்றாள். அவ்வளவுதான். சீப்பு, பிஸ்கட் பாக்கெட், அம்மாவின் மூக்குக்கண்ணாடி, எல்லாம் ஒவ்வொன்றாக இடம் மாறின.

"சாமி, கண்ணாடியக் கீழ போட்டறாத."

"நான் போடலீங்க பாட்டி. நண்டுதான் போட்டுது."

அவளுக்கு உன் குரல். பக்கத்து வீட்டில் கேட்கும் அளவுக்கு. கண்ணாடியைத் துடைத்தபடி அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன், இருவரும் சிரித்துவிட்டோம். அப்போதுதான் யாழினி தலையை நிமிர்த்தினாள்.

"பாட்டி, பாப்பா சட்டை எதுக்கு அங்க மேல இருக்குது?"

அம்மாவின் கை நின்றது. "பாப்பா இன்னும் வர்லியே சாமி. வந்தொடனே எடுத்துக்கலாம்."

"வந்தொடனே குளுருமில்லீங்க? அப்ப நீங்க ஸ்டூலத் தேடீட்டு இருப்பீங்களா?"

அம்மா பலகையை நிமிர்ந்து பார்த்தாள். யாழினியே தொடர்ந்தாள். "அது என் சட்டை. எனக்குப் பத்தாது. நான் பெருசாயிட்டேன், பாருங்க." கதவோரம் போய் முதுகை ஒட்டி, விறைப்பாக நின்று காட்டினாள். அம்மா பார்த்தாள். கீழே விழுந்து முட்டியில் பட்ட தழும்பு, எண்ணெய் மின்னும் கன்னம், ஒரு நொடி சும்மா இருக்காத கால்கள். வெகுநேரம் பார்த்தாள்.

"தூக்குங்க பாட்டி, நான் எடுக்கறேன்."

அம்மா தூக்கினாள். "அம்மாடி, என்ன கனம். கல்லாட்ட இருக்கறியே."

யாழினி நண்டை நீட்டினாள். முதலில், ஏற்காடு போனபோது வாங்கிய குரங்குக் குல்லா அம்மாவின் தலையில் விழுந்தது. "அது இல்ல" என்று நண்டைத் திட்டினாள். இரண்டாம் முறை மஞ்சள் பையின் காதைக் கவ்வி இழுத்தாள். பை அம்மாவின் தோளில் விழுந்து மடிந்து நின்றது.

அம்மா தரையில் உட்கார்ந்து சட்டையை வெளியே எடுத்து யாழினியின் மார்பில் வைத்துப் பார்த்தாள். சட்டைக் கை அவள் தோளில் பாதிகூடப் போர்த்தவில்லை. "இத்தனூண்டு சட்டைக்குள்ள இருந்தவளா இவ" என்றாள். பிறகு சட்டையின் நாடாவை இழுத்துப் பார்த்தபடி, யாரிடமோ சொல்வதுபோல என்னிடம் சொன்னாள்:

"நல்லா வளந்த புள்ளையோட சட்டையத்தான கேக்கறது வழக்கம். இவளுக்கு என்ன கொறச்சல்?"

நீ கேட்டிருக்க வேண்டும். வழக்கம் அப்படியே இருந்தது, ஒரு எழுத்தும் மீறவில்லை, ஆனால் சட்டை கீழே வந்துவிட்டது. வாத்துத் தொட்டி போன அதே வழி. அம்மா அதை யாரிடம் கற்றாள் என்று நான் கேட்கவில்லை. தளர்ந்திருந்த நாடாவைப் பிரித்துவிட்டு, தன் பழைய வெள்ளைப் புடவையின் கரையைக் கிழித்துப் புது நாடா தைத்தாள். யாழினிக்கு முறுக்கு கொடுத்து, "உங்கப்பங்கிட்டச் சொல்லு, சட்டை வந்து சேந்துருச்சுன்னு" என்றாள்.

இன்று காலை அதை வெந்நீரில் அலசிக் கொடியில் போட்டிருக்கிறாள். கட்டிலில் இருந்து பார்த்தால் தெரிகிறது. காற்று உள்ளே புகும்போது யாரோ போட்டிருப்பதுபோல உப்புகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில்தான் நூல்கண்டு கை தவறி உருண்டது. நண்டு அதைக் கவ்விக்கொண்டு வெளியே வரும் நேரம் பார்த்து அம்மா வாசலில் நின்றாள். என் மடியில் இருந்த இளமஞ்சளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அந்த முயல் காதுக்குள்ள முடிச்சைக் கெட்டியாப் போடாத சாமி. டி.வி.க்கு ஒறுத்தும்."

அவள் போன பிறகு சத்தமாகச் சிரித்தேன், உன்னைப்போல. உள்ளே இருப்பது முழித்துக்கொண்டு ஒரு உதை விட்டது. நூல்கண்டு மறுபடி உருண்டு உள்ளே போய்விட்டது. நண்டை எடுத்தேன். அந்தப் பிசுபிசுப்பு உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. துடைக்கவில்லை.

தேறும், புள்ள.