ஐசாவைப் பெயர் விலக்கவைத்த பேனர்

இலோயிலோ,
8 மே 2019, புதன்கிழமை

அன்பு மகள் ரோவேனாவுக்கு,

என் இரத்த அழுத்தம் நீங்கலாக இறையருளால் இங்கு அனைவரும் நலம். சிங்கப்பூரில் நீயும் வேளைக்கு உண்டு நலமாயிருப்பாய் என நம்புகிறேன். அழுத்தம் ஏறியதற்குக் காரணம் நீ அனுப்பிய படம். நம் ஊர்ப் புனித இசித்ரோ திருவிழாவில் நடக்கும் வீடியோ கேம் போட்டிக்கு உன் நிறுவனமே பேனர் தருகிறது என்றதும், விழாக்குழுச் செயலாளனாகிய நான் படத்தைப் பாராமலே கையெழுத்திட்டேன். அது என் பிழை. மே 4, சனிக்கிழமை, கூடைப்பந்துத் திடலில் அதைக் கட்டினார்கள். வாளேந்திய ஐந்து ஆண்கள், பின்னால் வெறுங்கையோடு ஒரு பெண், மேலே 'ஆம்பளைங்க களம்' என்ற வாசகம். முந்தைய நாள்வரை ஒன்பது பெண்கள் பெயர் கொடுத்திருந்தனர், இன்று இருவர். உன் அண்ணன் மகள் ஐசா சென்ற ஆண்டு இதே போட்டியில் இரண்டாம் பரிசு பெற்றவள், முதற்பரிசுக்காக ஜனவரியிலிருந்து பயின்றவள். கடைக்கார ரெமி அவளிடம், "என்னடி ஐசா, சண்டை போடுறவங்களுக்குத் தண்ணி மொண்டு குடுக்கப் போறியா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறான். திங்களன்று அவள் என்னிடம் வந்து, "என் பேரை அடிச்சிடுங்க தாத்தா, அது பசங்க விளையாட்டாம்" என்றாள்.

நேற்றுத் தொலைபேசியில் நீ என்ன சொன்னாய்? "விளையாடுறது பசங்கதான்ப்பா, எங்க கணக்கெடுப்பு அப்படித்தான் சொல்லுது." பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, உள்ளே பெண்களே இல்லையென்று எண்ணிச் சொல்வதற்கு ஓர் அலுவலகம், அதற்குக் குளிர்சாதன வசதி வேறா? 1991 டிசம்பர் 25 அன்று, பெட்டியின்மேல் இருந்த படத்தில் இரு சிறுவர்கள் சிரித்துக்கொண்டிருந்த ஒரே காரணத்தால் வீடியோ கேம் இயந்திரத்தை உன் அண்ணன் நெஸ்தோருக்கும் விளையாட்டு அடுப்பை உனக்கும் கொடுத்தவன் நான்தான், மறுக்கவில்லை. நீ அடுப்பைத் தொடவேயில்லை. அவன் வெளியே போகும் நேரம் பார்த்து ஒளிந்து விளையாடினாய். அப்போது உன்னை எந்தக் கணக்கெடுப்பு எண்ணியது?

இன்று காலை பேனரை நானே அவிழ்த்துவிட்டேன். "யாரைக் கேட்டு அவுத்தீங்க மாமா?" என்று ஊர்த்தலைவர் கத்துகிறார், கத்தட்டும். அந்தப் பெண்ணின் கையிலும் வாளுள்ள படமாக ஒன்றை அனுப்பு. அதைவிட முக்கியம், ஐசாவிடம் நீ பேசு. நான் பேசினால், "உங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும் தாத்தா?" என்கிறாள். இக்கடிதத்தை உன் அண்ணி படமெடுத்து இன்றே அனுப்புவாள்.

இறைவன் உன்னைக் காக்கட்டும். என் கோபத்தோடு என் ஆசியும் உனக்கு உண்டு. நினைவிருக்கட்டும்: பெயர்ப்பதிவு மே 10, வெள்ளி, மாலை ஐந்து மணியோடு முடிகிறது. விலகுபவரின் பெயரை அவர் விலகும் நாளிலேயே அடித்துவிட வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டு நானே எழுதிய விதி. ஐசாவின் பெயரை நான் இன்னும் அடிக்கவில்லை.

உன் தந்தை,
பொன்சியானோ