தெருமுனையோடு நின்ற வரைபடம்

9 பிப்ரவரி 1958, ஞாயிறு

கிளைக் கூட்டம். ஒன்பது பேர், ஏழு நாற்காலி. நானும் யூனிஸும் ஜன்னல் கட்டையில்.

நில அளவையாளர் கழகம் என்பது பெரிய பெயர். அதன் பெங்களூர்க் கிளை என்றால் இந்த ஒன்பது பேரும் ஒரு பழைய லெவல் கருவியும் இரவல் தட்டச்சுப் பொறியும்தான். செயலாளர் யூனிஸ் பாக்கியராஜ். இணைச் செயலாளர், இரண்டு மாதமாக, நான். வேறு யாரும் கை தூக்கவில்லை.

மாதம் ஒரு பாதை. நடந்து போய்த் தரையின் ஏற்ற இறக்கத்தை அளக்கிறோம். ஒரே ஒரு பக்கத்தில் எழுதுகிறோம். கார்ப்பரேஷன் இன்ஜினீயர், வார்டு கவுன்சிலர், பத்திரிகை, வாசகசாலைப் பலகை – எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே நாள். எதையும் கேட்பதில்லை. அளந்தது என்ன, எங்கள் அளவில் பிழை எவ்வளவு. பிழைதான் முதல் வரி.

பாதைகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம். மார்ச்சுக்கு வந்தது: கல்வெர்ட்டுப் பாலத்திலிருந்து ஏரிக்கரை வரை. எங்கள் பள்ளத்து லைன், முப்பத்தெட்டு வீடு, அந்த வழியில்தான்.

“எனக்கு அங்கே வீடு இருக்கிறது” என்றேன்.

யூனிஸ் நிமிரவில்லை. மினிட்ஸில் என் பெயரை எழுதினாள்: குடை – தாஸ்.

23 பிப்ரவரி

வார்டு ஆபீஸ் பலகையில் ஒரு வரைபடம். பெரிய சாலையிலிருந்து ஏரி வரை புதிய மழைநீர்க் கால்வாய். எங்கள் லைன் முனையை ஒட்டிப் போகிறது. மழைக்கு முன் முடிப்பார்களாம்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா. போன செப்டம்பரில் லைனுக்குள் வெள்ளம் வந்தபோது, பக்கத்து வீட்டுச் செண்பகத்தின் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றவள்.

“வெட்டட்டும், பாக்கலாம்” என்றாள். “அவங்க வெட்டுற காவா தண்ணிய எந்தப் பக்கம் இட்டுக்கினு போவுதுன்னு அவங்களுக்கே தெரியாது.”

சிரித்தேன்.

16 மார்ச், ஞாயிறு

அளவு நாள். வெயில்.

வெயில் பட்டால் லெவல் கருவியின் குமிழி நகரும். அதனால் ஒருவர் குடை பிடிக்க வேண்டும். எங்கள் கிளை வழக்கம்: அந்தப் பாதையில் வீடோ நிலமோ கான்ட்ராக்டோ உள்ளவர் குடை மட்டும் பிடிப்பார். கண்ணாடி வழியே பார்க்கக் கூடாது. புத்தகத்தில் எழுதக் கூடாது.

“சாமிக்கு இன்னிக்கி கொடை தாஸா?” என்றார் ஜெயராமன், ரயில்வே டிராஃப்ட்ஸ்மேன். “அப்ப ஊர்வலம் கெளம்பலாம். மேளம்தான் இல்ல.”

யூனிஸ் பார்த்தாள், எண்ணைச் சொன்னாள். ஜெயராமன் எழுதினார். அவள் தங்கவயலில் பிறந்தவள். அப்பா சுரங்கத்துக்குள் இருபத்திரண்டு வருஷம் அளவுகட்டை பிடித்தவர். அதைப் பற்றி ஒரே ஒரு முறை பேசியிருக்கிறாள்: “கீழ ரெண்டு பக்கத்துலேருந்தும் தோண்டிட்டு வருவாங்க. நடுவுல சந்திக்கணும். சந்திக்கலைன்னா அப்புறம் யார்கிட்ட போய் என்ன கேக்கறது?”

கல்வெர்ட்டு மட்டக்கல்லில் தொடங்கினோம். அதில் உயர எண் வெட்டியிருக்கிறது. லைனின் கடைசி வீடு வரை வந்தபோது புழுதிக் காற்று. நிறுத்திவிட்டோம். லைனிலிருந்து ஏரிக்கரை மட்டக்கல் வரையுள்ள மறுபாதி அடுத்த ஞாயிறு.

17 மார்ச்

கணக்குப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. குடை பிடிப்பவனுக்கும் காது இருக்கிறது.

வரைபடத்தில் கால்வாய் ஏரியில் விழும் இடத்தின் உயரம் எழுதியிருக்கிறது. எங்கள் கடைசி வீடு அதைவிடப் பதினாறு அங்குலம் கீழே. அப்படியானால் சாலைத் தண்ணீர் முழுவதும் ஏரிக்குப் போகாமல் எங்களிடம் திரும்பும்.

வரைபடம் போட்டவர்கள் தெருமுனை உயரத்தை மட்டும் எடுத்திருக்கிறார்கள். உள்ளே வரவே இல்லை. முப்பத்தெட்டு வீடும் அந்தத் தாளில் வெறும் வெள்ளை.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் யூனிஸிடம் சொன்னேன்.

“பாதிதான் அளந்திருக்கோம்” என்றாள்.

“தோண்ட ஆரம்பிச்சுட்டாங்க.”

“பாத்தேன். ஞாயித்துக்கெழம முடிச்சுருவோம். திங்கக்கெழம தாள் போயிரும்.”

“கடைசியில ஒரு வரி சேக்கலாம். வேலையை உடனே நிறுத்த வேண்டும்னு.”

“ஒரு தடவை ‘வேண்டும்’னு எழுதினா, அடுத்த தடவை நாம அளந்ததைக்கூட, இவங்களுக்கு என்ன வேணுமோன்னுதான் படிப்பாங்க தாஸ்.”

பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

அவள் வீடு லிங்கராஜபுரத்தில், மேட்டில். அவளுக்கென்ன – இதை எழுதிவிட்டேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

19 மார்ச்

கவுன்சிலர் பெருமாள்சாமி வீட்டுக்குப் போனேன். எண்ணைச் சொன்னேன். கழகத்தின் அளவு என்று சொன்னேன்.

“பதினாறா?” என்றார். “இது போதும் தம்பி. மீதிய நான் பாத்துக்கறேன்.”

திரும்பி வரும்போது நடை லேசாக இருந்தது. அதை நினைத்தால் இப்போது கொஞ்சம் உறுத்துகிறது.

22 மார்ச்

மாமன்றத்தில் பெருமாள்சாமி பேசியது பத்திரிகையில். ‘அளவையாளர் கழகமே சொல்லிவிட்டது, பதினாறு அங்குலம். படிக்கத் தெரியாத இன்ஜினீயரை வேறு ஊருக்கு மாற்றுங்கள்.’

அந்த இன்ஜினீயர் கிருஷ்ணப்பா. கார்ப்பரேஷனில் எங்கள் தாளை உண்மையிலேயே படிக்கிற ஒரே ஆள். ஓரத்தில் பென்சில் குறிகளோடு திருப்பி அனுப்புவார்.

மாலை செய்தி: மட்டக்கல் பதிவேட்டைக் கழகத்தாருக்கு இனிக் காட்டக் கூடாது என்று உத்தரவு. கால்வாயில் இன்னும் இருபது ஆள் இறக்கியிருக்கிறார்கள். வீம்பு. மண்வெட்டிச் சத்தம் எங்கள் வீடு வரை கேட்கிறது.

என்ன செய்தேன் நான்?

23 மார்ச், ஞாயிறு

கருவியை நிறுத்துவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். நான்தான் சொன்னது என்று.

“சரி” என்றாள் யூனிஸ். “இன்னிக்கி நீங்க வீட்டுக்குப் போங்க.”

குடைகூட இல்லை.

அளந்து முடித்துவிட்டு நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். அம்மா காபி கொடுத்தாள். பாதி குடித்துவிட்டு யூனிஸ் சொன்னாள்: “அஞ்சு அங்குலம்.”

“பதினாறு இல்லையா?”

“இல்ல. கால்வாய் விழற எடம் வரைக்கும் ஒரே நடையா அளந்தாச்சு. அஞ்சுதான். ரெண்டு மட்டக்கல்லோட எண்ணும் ஒத்துவரல. பதினோரு அங்குலம் இடிக்குது. கல்வெர்ட்டுக் கல் கன்டோன்மென்ட்காரன் நட்டது. ஏரிக்கரைக் கல் சிட்டிக்காரன் நட்டது. வரைபடத்துல இருக்கற உயரம் அந்தக் கல்லுலேருந்து எடுத்தது. ரெண்டு ஊரும் ஒண்ணாகி எட்டு வருஷமாச்சு. கல்லுக்கு யாரும் சொல்லல.”

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

தண்ணீர் உள்ளே வரும் என்பது மாறவில்லை. ஆனால் மாமன்றத்தில் எங்கள் பெயரால் நிற்கிற எண் பொய். நாளைக்கு யாராவது அளந்து பார்த்து, பதினாறு தவறு என்று காட்டினால் போதும். ஐந்தையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

24 மார்ச்

தாள் போய்விட்டது. முதல் பத்தியை இங்கே பார்த்து எழுதுகிறேன்.

‘இக்கிளையின் அளவு என்று மாமன்றத்தில் சொல்லப்பட்ட பதினாறு அங்குலம் தவறு. பாதி வேலையில் எடுத்த எண் அது. முழு அளவில் கிடைத்தது ஐந்து அங்குலம். முந்தைய எண்ணை வெளியே சொன்னவர் எங்கள் இணைச் செயலாளர். அவருக்கு அந்த லைனில் வீடு உண்டு. இரண்டு மட்டக்கற்கள் பதினொரு அங்குலம் முரண்படுகின்றன. எது சரி என்று எங்களுக்குத் தெரியாது. மார்ச் 30 காலை எட்டு மணிக்கு மறுபடி அளக்கிறோம். யாரும் தங்கள் கருவியோடு வரலாம்.’

கொஞ்சம் மழுப்புவாள் என்று எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன். படித்தபோது முகம் எரிந்தது. அப்புறம், எப்படிச் சொல்வது, நிமிர்ந்து உட்கார முடிந்தது.

25 மார்ச்

பெருமாள்சாமி வாசலில் நின்று சத்தம் போட்டார்.

“என்னை சபையில பொய்யன் ஆக்கிட்டியே தம்பி.”

“தப்பு என்னோடது அண்ணே.”

“பதினாறோ அஞ்சோ, எனக்கு ஒண்ணுதான். தண்ணி வருமா வராதா?”

“வரும்.”

“அதைச் சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன? எதுக்கு இந்தப் பாவமன்னிப்பு? அந்தப் பொண்ணு கோயிலுக்குப் போய் கேக்கட்டும், கார்ப்பரேஷன்ல எதுக்குக் கேக்குது?”

அவர் கெட்டவர் அல்ல. போன வருஷம் இடுப்புத் தண்ணீரில் அரிசி மூட்டை சுமந்துகொண்டு வந்தவர்.

30 மார்ச்

குருத்தோலை ஞாயிறு. யூனிஸ் முதல் ஆராதனை முடித்து, கைப்பையில் செருகிய ஓலையோடு வந்தாள். நான் கூட்டத்தில் சேரவில்லை. எங்கள் வாசற்படியிலிருந்து பார்த்தேன். கேட்கிற தூரம்தான்.

எட்டு மணி. யாரும் வரவில்லை. எட்டேகால். கருவியை நிறுத்திவிட்டார்கள். எட்டு இருபதுக்குக் கிருஷ்ணப்பா வந்தார். சொந்த லெவல், இரண்டு ஆட்கள். வணக்கம் சொல்லவில்லை. தன் கருவியை எங்களுடையதற்கு நாலடி தள்ளி நிறுத்தினார்.

இரண்டு கருவி, இரண்டு புத்தகம். கடைசி வரை ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை. லைன் முழுவதும் வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. முடிந்ததும் செண்பகம் ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டாள். இரண்டு புத்தகத்தையும் அதில் விரித்து வைத்தார்கள்.

யூனிஸ்: ஐந்து. கிருஷ்ணப்பா: ஐந்தேகால்.

அவர் வெகுநேரம் பார்த்தார். “சரி. இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?”

“நாங்க ஒண்ணும் சொல்லல சார். அளந்தோம்.”

“ஏன்ரீ, இவ்ளோ தூரம் இழுத்துட்டு வந்துட்டு?”

“நாங்க சொன்னா அது எங்க டிசைன் ஆயிடும். உங்க ஆபீஸ்ல அப்புறம் அதைக் காப்பாத்த யாரும் இருக்க மாட்டாங்க.”

கிருஷ்ணப்பா தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “இருவது வருஷ சர்வீஸ். எங்கிட்ட பேப்பர் கொண்டாந்தவங்க எல்லாம் என் தப்புலேருந்து ஆரம்பிப்பாங்க. உங்களுது ஒண்ணுதான் உங்க தப்புலேருந்து ஆரம்பிச்சுது. மேலதிகாரிங்க போக வேண்டாம்னு சொன்னாங்க. ஞாயித்துக்கெழம என் சொந்த நாள்னு வந்தேன்.”

அப்புறம் தனியாக லைனுக்குள் நடந்தார். கடைசி வீடு வரை. உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார்.

13 ஏப்ரல்

இணைச் செயலாளர் பதவியை விட்டேன். ஏற்றுக்கொண்டார்கள். யாரும் சமாதானம் சொல்லவில்லை. அதற்கு நன்றி.

கூட்டம் கலைந்ததும் ஜெயராமன் மட்டும், “கொடை மட்டும் விட்டுடாதப்பா, எனக்குத் தோள் வலி” என்றார்.

2 மே

ஒரு வாரமாகத் தோண்டும் சத்தம் இல்லை. பாதி பள்ளம் அப்படியே கிடக்கிறது. காரணம் யாருக்கும் தெரியவில்லை.

5 மே

கோடை மழை. பள்ளம் நிறைந்து லைன் முனையில் ஒரு சாண் தண்ணீர். அம்மா என்னைப் பார்க்காமல் பெட்டியைக் கட்டில் மேல் ஏற்றினாள்.

யூனிஸிடம் போய், கிருஷ்ணப்பாவை ஒரு தடவை பார்த்துக் கேட்கலாமே என்றேன். அவளுக்கும் கவலை, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் தலையசைத்தாள், வேண்டாம் என்று.

“தப்பாப் போச்சுன்னா?” என்றேன்.

“அப்ப நானும் வந்து தண்ணி எறைக்கிறேன்.”

11 மே

வார்டு ஆபீஸில் புதிய வரைபடம். கால்வாயின் வாய் ஏரிக்கரைக்குக் கீழே போய்விட்டது. அடிமட்டம் ஒன்றேகால் அடி ஆழம் கூடியிருக்கிறது. எங்கள் லைன் உள்ளே இருக்கிறது. சின்னச் சின்னக் கட்டங்கள். எண்ணினேன். முப்பத்தெட்டு.

அடியில் ஒரு குறிப்பு: ‘மட்டங்கள் ஒரே நடையில் நேரில் எடுக்கப்பட்டன.’ எங்கள் பெயர் எங்கும் இல்லை. முச்சந்தியில் பெருமாள்சாமிக்கு மாலை போட்டார்கள். போடட்டும். அவரும் கத்தியிருக்கிறார்.

யூனிஸிடம் ஓடினேன்.

“முப்பத்தெட்டும் இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப சரி.” அடுத்த பாதையின் தாளுக்குத் திரும்பிவிட்டாள். தொம்மலூர்.

எதை வியக்கிறேன்? அடக்கத்தை அல்ல, அவளுக்கு அடக்கம் கிடையாது. தன் எண் சரி என்றால் மலை மாதிரி நிற்பாள். அந்த எண்ணை எதற்கும் விற்கமாட்டாள், நல்லதற்குக்கூட. படித்த புத்தகங்களில் புரட்சி செய்தவர்களைப் பற்றி அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். இப்படி ஒருத்தியைப் பற்றி எதிலும் இல்லை.

22 செப்டம்பர், திங்கள்

இரவு முழுவதும் மழை. போன வருஷத்தைவிட அதிகம் என்கிறார்கள். விடிந்ததும் கதவைத் திறந்தேன். லைனில் சேறு. தண்ணீர் இல்லை. செண்பகம் வாசலில் குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள்.

கால்வாயை ஒட்டியே நடந்தேன். பழுப்புத் தண்ணீர், வேகம். கீழே வளைவில், பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் கிருஷ்ணப்பா. சுவரில் அளவுகோலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் நேரத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

“பாருங்க இதை” என்றார், யார் என்று நிமிர்ந்து பார்க்காமலே. “வளைவை ரொம்ப முறுக்கிட்டேன். ஏழு அங்குலம் எதிர்த்து ஏறுது. இன்னொரு மழை இப்படி வந்தா அந்தப் பக்கத்து வீடுங்களுக்கு வழியும். என் தப்பு. இந்த மாசத் தாள்ல போடுங்க.”

“நான் எழுதக் கூடாது சார். என் வீடு இங்க இருக்கு.”

நிமிர்ந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“ஆமாம்ல” என்றார். “அப்ப எழுதறவங்களக் கூட்டிட்டு வாங்க. தண்ணி எறங்கறதுக்குள்ள. கார்ப்பரேஷன் ஆள் சொன்னான்னு எழுதக் கூடாது, அவங்களே அளக்கணும்.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு லிங்கராஜபுரம் போனேன். யூனிஸ் பாதி பின்னிய தலையோடு கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

நாங்கள் திரும்பியபோது கிருஷ்ணப்பா அதே இடத்தில், ஏழு அங்குலக் குறியில் விரலை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.