வேங்கையன் துரோகி இல்லை, அண்ணி

கதை கிடைத்தால் சோறு தண்ணி மறக்கும் என் அண்ணிக்கு,

ஏழாம் பாகம் வந்துவிட்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஆறாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் காவல்காரன் வேங்கையன் கோட்டைக் கதவை எதிரிப் படைக்குத் திறந்துவிட்டான். அதோடு நிறுத்திவிட்டு எத்தனை வருடம் காக்கவைத்தார், அதை எழுதின மகராசன். 'இருள்மதில்' வாசிக்கிற நம் கூட்டமே அவனைத் துரோகி என்றபோது நீங்கள் ஒருவர்தான் மறுத்தீர்கள்; நான் உங்கள் பக்கம் சேர்ந்துகொண்டேன். "கைதிக்குத் தன்ற சோத்தக் குடுத்தவன் கண்ணு அவன். காட்டிக் குடுக்க மாட்டான்." ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் என்னைப் பார்த்ததும், "புத்தகம் வந்துருச்சா?" என்றுதான் கேட்டீர்கள். நீங்கள் சொன்னது சரியா தப்பா என்று தெரியாமலே போய்விட்டீர்களே என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

முதல் அத்தியாயத்தை யாரும் தனியாகப் படிக்கக்கூடாது என்ற உங்கள் சட்டம் இன்னும் செல்லுபடியாகிறது. பனியன் கம்பெனி ஷிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் பாவம் என்று நீங்கள் போட்ட சட்டம் அல்லவா? கம்பெனி லீவு விட்ட ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் புத்தகக் கடை மாடியில் கூடினோம்.

அங்கே போய்ப் பார்த்தால் அத்தனை பேரும் ஒரே மாதிரி கறுப்பு டீசர்ட். நெஞ்சில் வேங்கையன் முகம், அதன் கீழே பெரிய எழுத்தில் 'துரோகி'. எல்லாம் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலி ஜெபராஜின் வேலை. நம் ஊர்க்காரர்களுக்கு மனதில் ஒன்று தோன்றினால் போதும், மறுநாளே அது பனியனில் ஏறிவிடும். எனக்கும் ஒன்று நீட்டினார். வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டேன். செத்தாலும் போடமாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

ஜெபராஜ்தான் சத்தமாக வாசித்தார். மூன்றாவது பக்கத்தில் அவர் குரல் இறங்கியது. கோட்டைக்குள் நெருப்பு வைத்தது மந்திரி, அண்ணி. உள்ளே வெந்து சாகவிருந்த சனங்களை வெளியேற்றத்தான் வேங்கையன் கதவைத் திறந்திருக்கிறான். வெளியே எதிரி நிற்பது தெரிந்தும் திறந்திருக்கிறான்.

ஜெபராஜ் புத்தகத்தை மடியில் கவிழ்த்தார். "பூங்கொடியக்கா சொன்னதுதாம் சரி. நாமதாம் அவசரப்பட்டுட்டோம்" என்றவர், குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். "இப்ப இந்தச் சட்டைய என்னடே செய்ய?"

நான் விசிலடித்தேன். ஆமாம், நான்தான். கடைக்காரர் கீழேயிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு.

டீ குடிக்கக் கீழே போக வேண்டும், மாற்றுத் துணி யாரிடமும் இல்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் ஒதுங்கி, சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். தையலும் லேபிளும் வெளியே தெரிய, தலை குனிந்து வரிசையாக நின்ற கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டீக்கடை அண்ணன், "ஏனுங்க, ஏதாச்சும் வேண்டுதலுங்களா?" என்று கேட்டார். "ஆமாங்கண்ணா, ஒரு அக்காகிட்ட மன்னிப்புக் கேக்கறோம்" என்றாள் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங்கில் இருக்கும் சாந்தாமணி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

வண்டியை விரட்டிக்கொண்டு நேராக உங்கள் வீட்டுக்குத்தான் வந்தேன். நம் புத்தகங்களைப் 'பேய்க்கதை' என்று கேலி பேசுவாரே என் அண்ணன், அவரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வெடித்துவிடும் போலிருந்தது. வாசலிலிருந்தே, "அண்ணா, அந்தக் கதவ எதுக்குத் தொறந்தான்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தேன்.

அவர் கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"சொல்லீராத கண்ணு. நான் இப்பத்தான் நாலாம் பாகத்துல இருக்கறேன்."

நீங்கள் இருந்தவரை ஒரு பக்கம்கூடப் புரட்டாத மனிதர், அண்ணி. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தபடி, "ஆனா ஒண்ணு, அவன் தப்பானவனாத் தெரியல. உங்க அண்ணி சொன்னது சரியாத்தான் இருக்கும்னு படுது" என்றார்.

நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டேன். அதனால்தான் எல்லாவற்றையும் உங்களிடம் கொட்டுகிறேன். அவர் தானாகப் படித்து ஏழாம் பாகத்துக்கு வந்து சேரும்வரை நான் வாய் திறக்கமாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம்.

உங்கள் கட்சியில் கடைசிவரை நின்ற,
நாத்தனார் கலாமணி