நர்மதாவுக்குக் கோர்க்கச் சொல்லிக்கொடுத்தது

ஜனவரி 8, புதன்

நர்மதாவுக்கு மணிமாலை கோர்க்கச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். மாமியார் காலையிலேயே உத்தரவு போட்டுவிட்டார். "வினோதினி, நீ ஆறு வருஷமா கோக்குற. சின்னவளுக்கும் காட்டிக்குடு. வூட்ல சும்மாதானே இருக்கா."

என் ஓரகத்தி சும்மா இல்லை. போன மாதம் நான் கோர்த்த மாலையைத் தன் கழுத்தில் போட்டு போனில் ஸ்டேட்டஸ் வைத்தாள். தா.பழூர் முழுக்க அது நர்மதா கோர்த்த மாலை ஆகிவிட்டது. ஜெயங்கொண்டம் கடைக்காரம்மா என்னிடமே வந்து அவள் கைவேலையைப் புகழ்ந்தார். பக்கத்தில் நின்ற நர்மதா மறுக்கவில்லை. சிரித்தாள்.

ஜனவரி 12, ஞாயிறு

மணிகளைத் தட்டில் பரப்பி வரிசை பார்க்காமலே கோர்க்க ஆரம்பித்தாள். பாதியில் நிறம் மாறிவிட்டது. எல்லாவற்றையும் உருவி மறுபடியும். அந்தத் தப்பை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். கண்ணுக்குத் தெரிகிற தப்பையும் சொல்லாவிட்டால் அத்தைக்குச் சந்தேகம் வரும்.

ஜனவரி 19, ஞாயிறு

பிப்ரவரி 2-ஆம் தேதி செட்டிகுளத்தில் நர்மதாவின் தங்கை பானுப்ரியாவுக்குக் கல்யாணம். தங்கைக்குத் தன் கையாலேயே ஐந்து சரம் கண்ணாடி மணி மாலை கோர்க்கப் போகிறாளாம்.

"அக்கா, நூலு போதுமா, கியர் வயர் வேணுமா?"

கண்ணாடி மணியின் துளை விளிம்பு பிளேடு மாதிரி. உரசி உரசி நூலை அறுத்துவிடும். கியர் வயர் என்கிற கம்பிச் சரடுதான் தாங்கும். எனக்குத் தெரியும்.

"நூலே போதும். வயர் போட்டா வெறப்பா நிக்கும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வாயில் வந்தது. வந்த பிறகு திருத்தவும் இல்லை.

ஜனவரி 29, புதன்

முடித்துவிட்டாள். கொஞ்சமும் தளர்வு விடாமல் இறுக்கி இழுத்திருக்கிறாள். மணி அசைய இடம் இல்லை என்றால், குனியும்போது மொத்தப் பாரமும் முடிச்சில் விழும். அந்த முடிச்சுக்கு ஒட்டினாற்போல் நுனியை வெட்டியிருக்கிறாள். அதன்மேல் ஒரு சொட்டுப் பசை வேறு. காய்ந்தால் நூல் குச்சி மாதிரி ஒடியும்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"எப்படிக்கா இருக்கு?"

"கடையில வாங்குனது மாதிரி இருக்கு."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது அவள் கை.

பிப்ரவரி 2, ஞாயிறு

அறுந்தது.

தாலி கட்டி முடிந்து, மாமனார் மாமியார் காலில் விழ பானுப்ரியா குனிந்தாள். ஐந்து சரமும் ஒன்றாக விட்டன. மேடை முழுக்க மணி. நர்மதா பட்டுப்புடவையோடு மண்டியிட்டுப் பொறுக்கினாள். முதல் நொடி — எழுதிவிடுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள் — எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு மாப்பிள்ளையின் அம்மா பொன்னம்மாள் பேசியது காதில் விழுந்தது. "தாலி ஏறி அஞ்சு நிமிஷம் ஆவுல. கழுத்துல போட்டது அறுந்து வுழுவுது. என்ன நேரத்துல பொறந்தவளோ."

குனிந்த பானுப்ரியா நிமிரவே இல்லை.

நான் நர்மதாவுக்குத்தான் நினைத்தேன். இந்தப் பெண்ணுக்கு இல்லை.

பிப்ரவரி 5, புதன்

நர்மதா மணி டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். இனி தொடமாட்டாளாம்.

பிப்ரவரி 27, வியாழன்

பானுப்ரியாவின் மாமனார் திருமானூரில் கரும்புக் கொல்லையில் நெஞ்சுவலி வந்து விழுந்து இறந்துபோனார். மூன்று வருஷமாக இருதயத்துக்கு மாத்திரை சாப்பிட்டவர். அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பொன்னம்மாள் மருமகளைப் பிணத்துக்குப் பக்கத்தில் விடவில்லை. "அன்னைக்கே சாமி காட்டிக்குடுத்துச்சு. நாந்தான் கேக்கல."

அந்தப் பெண் தெருவில் வெயிலில் நின்றாள். யாரும் தண்ணீர்கூடத் தரவில்லை. நானும் தரவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பானுப்ரியாவை அனுப்பிவிட்டார்கள். புருஷன் அறிவரசன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தானாம். ஒரு வார்த்தை பேசவில்லையாம். செட்டிகுளத்தில் அக்கம்பக்கத்து வாய் தாங்காமல் இங்கே அக்காவிடம் வந்திருக்கிறாள்.

மாலை அறுந்தது நூலால், பானுப்ரியாவால் இல்லை — இந்த ஒரு வரியைப் பொன்னம்மாளிடம் போய்ச் சொன்னால் போதும். சொன்னா, நூல் போடச் சொன்னது யாருன்னு கேப்பாங்க. எம் மூஞ்சியில யாரு முழிப்பா? இவரு என்ன நெனப்பாரு?

சொல்லல.

ஏப்ரல் 6, ஞாயிறு

பானுப்ரியா எந்நேரமும் அழுகிறாள் என்று அத்தை அவளைக் கோர்க்கச் சொல்லி என் எதிரில் உட்காரவைத்தார். அவளுக்கு ஒன்றுவிடாமல் காட்டினேன். வயரில் கொஞ்சம் தளர்வு விடுவது, முடிச்சுக்குப் பதிலாகப் போடும் குட்டி லாக்கை நசுக்குவது, மீதி நுனியை வெட்டாமல் மணிக்குள்ளேயே திருப்பி நுழைப்பது. இப்படிச் செய்தால் எனக்குள் ஏதோ சரியாகும் என்று நினைத்தேனோ என்னவோ.

"நூல்ல கோத்தா என்னக்கா?"

"கண்ணாடி மணிக்கு நூலு ஆவாது. அறுத்துடும்."

சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன். அறை வாசலில் நர்மதா.

"எனக்கு நூலே போதும்னு சொன்னீங்களே" என்றாள். குரல் உயரவில்லை.

பானுப்ரியா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கையிலிருந்த சரத்தை மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

ஏப்ரல் 7, திங்கள்

நர்மதா யாரிடமும் சொல்லவில்லை. ஏன்?

மே 4, ஞாயிறு

நர்மதாவும் கொழுந்தனும் அரியலூரில் வீடு பார்த்துப் போகிறார்கள். வேலைக்குப் போய்வர அதுதான் பக்கமாம். பானுப்ரியாவும் அவர்களோடு. அறிவரசனுக்கு வேறு பெண் பார்ப்பதாகப் பேச்சு.

சாமான் ஏற்றும்போது அத்தை பொறுக்கமுடியாமல் கத்தினார். "பெரியவ உன்னை எவ்ளோ பொறுமையா வச்சிருந்தா. நீ குடும்பத்தைப் பிரிச்சுட்டுப் போற."

நர்மதா என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

வண்டி போன பிறகு அத்தை காபி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. "நீ ஒருத்திதான் எனக்கு" என்றார்.

நல்ல காபி. முழுசாகக் குடித்தேன்.