தூக்க முடியாத கை

சாந்தம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்கு உன் ஜாடை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம்.

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. இடது கையால் எழுதுகிறேன். சானமாவுக் காட்டு யானை ராகிக் கொல்லையில் இறங்கியபோது கவண் சுழற்றினேன். வலது தோளில் தசைநார் கிழிந்துவிட்டது. டாக்டர் சொன்னபடி கதவு நிலையில் விரலை ஊன்றி, கையை மெல்ல மேலே ஏற்றிப் பழகுகிறேன். மோவாய் வரை வருகிறது. அதற்கு மேல் உயிர் போகிறது.

மற்றபடி இங்கே ஒன்றுமில்லை. பக்கத்துக் கொல்லை ஆஞ்சப்பன் மட்டும் குடும்பத்தோடு தளிக்குப் போய்விட்டான். "உன் கல்லு அது கண்ணுல பட்டுடுச்சு. உன்னைத் தேடித்தான் வருதுண்ணா, நீயும் கிளம்பு" என்றான். முற்றிய ராகியை விட்டுவிட்டு எப்படிப் போவது?

இப்போதெல்லாம் அது பகலிலேயே வருகிறது. நேற்று வாசல் வரை வந்தது. கவணை எடுத்தேன், கை எழவில்லை. அது அவசரமே இல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அடுத்த வாரம் உன் அம்மா வீட்டிலிருந்து திரும்பி வருவதாக எழுதியிருக்கிறாய். இப்போது வேண்டாம். பாப்பாவுக்கு இந்தப் பனி ஆகாது. தொட்டில் கட்ட வைத்திருந்த பக்கத்துச் சுவரும் கொஞ்சம் விழுந்திருக்கிறது.

இப்படிக்கு,
பாப்பாவை இன்னும் பார்க்காத அப்பா