ரசத்தில் தொடங்குகிறவன்

எதிர்வீட்டு மாடிக்கு நேற்றுத் தளம் போட்டார்கள். இன்று காலையில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்ததும் ஈரச் சிமெண்ட் வாசனை உள்ளே வந்தது. உன் சட்டையின் வாசனை. பல் தேய்க்கப் போனவன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பெரம்பலூரில் எந்தத் தெருவில் பார்த்தாலும் வீடு கட்டுகிறார்கள். நான் எங்கேதான் ஓடுவேன், சொல்லு.

அரியலூர் சிமெண்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் உனக்கு வேலை. சிமெண்டைக் கைக்கு அடக்கமான கட்டிகளாக வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு மெஷினில் வைத்து எவ்வளவு தாங்குகிறது என்று நசுக்கிப் பார்ப்பீர்கள். ஷிப்ட் முடிந்து பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் என் வீட்டுக்கு வந்துவிடுவாய். நான் ஆணும் ஆணும் காதலிக்கும் கதைகளைப் புனைபெயரில் எழுதுகிறவன். நீ அவற்றின் முதல் வாசகன். நான் காதலித்த ஆளும் நீதான். ஊருக்கு நாம் இரண்டு நண்பர்கள். கீழ்வீட்டு அம்மாவுக்கு நீ ‘அந்தச் சிமெண்ட் தம்பி’.

ஆரம்பத்தில், பத்திரிகையில் வரவேண்டும் என்பதற்காக இரண்டு பேரில் ஒருவனைப் பெண்ணாக்கி அனுப்பிக்கொண்டிருந்தேன். பெயரை மாற்றிவிட்டால் ஆயிற்று என்று நினைப்பு. அச்சில் வந்த ஒன்றை பஸ்ஸிலேயே படித்துவிட்டு வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சிரித்தாய்.

“ஏன்டா, உன் கதாநாயகி காலையில எந்திரிச்சு கன்னத்துல நுரையைப் பூசிக்கிட்டு பிளேடைத் தேடுறாளே, அவளுக்கு என்னடா ஆச்சு?”

ஒரு பத்தியை மாற்ற மறந்திருக்கிறேன். பத்திரிகைக்காரர்களும் கவனிக்கவில்லை, படித்தவர்களும் கேட்கவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அது நாந்தானே?” என்றாய். “என்னைப் பொம்பளையாக்கித்தான் வெளிய கூட்டிட்டுப் போவியா?” அதோடு அந்த வேலையை விட்டேன்.

ஆணை ஆணாகவே எழுதத் தொடங்கியதும் எனக்கு வேறு வியாதி பிடித்தது. எல்லாரையும் பிரித்தேன், இல்லாவிட்டால் கொன்றேன். பிரிவெல்லாம் அரியலூர் ரயில் நிலையத்தில்தான் நடக்கும், மழை வேறு கொட்டும். “நம்ம ரெண்டு பேரும் என்னைக்குடா ரயில்ல போனோம்? நான் பஸ் படிக்கட்டுல தொங்கிக்கிட்டுல்ல வரேன்” என்று கத்துவாய். “உன் ஆளுங்களுக்கு வேலை வெட்டியே கிடையாதா? எந்நேரமும் ஜன்னல்ட்டயே நிக்கிறானுங்க. தொடுறதைப் பத்தி நாலு பக்கம் எழுதற, தொட்டப்புறம் என்ன பேசிக்கிட்டாங்கன்னு ஒரு வரி இல்ல.” நான் முறைப்பேன். அடுத்த வாரமே என் ஆட்களில் ஒருவன் கூட்டுறவு வங்கியில் வேலைக்குச் சேர்ந்துவிடுவான். அதைப் படித்துவிட்டு, அவன் மேனேஜரை நீ திட்டுவாய்.

ஒருநாள் சோதனைக்கூடத்திலிருந்து ஒரு கட்டியைக் கொண்டுவந்து என் காகிதங்கள்மேல் வைத்தாய். பறக்காமல் இருக்குமாம். “இது மிச்சமானது, நசுக்காதது. நாங்களே கட்டி நல்லா ஊறட்டும்னு விட்டுட்டுத்தான் மெஷின்ல வைக்கிறோம். நீ ரெண்டு பேரைச் சேத்து வெச்ச மறுபக்கமே நசுக்கிடுற.”

துயரமாக முடித்தால்தான் படிப்பவர்களுக்கு இரக்கம் வரும், இரக்கம் வந்தால்தான் நம்மை மனிதர்களாக மதிப்பார்கள் என்று நான் வாதாடினேன். உனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“செத்தாதான் மதிப்பாங்கன்னா அவங்க மதிப்பு நமக்கு என்னாத்துக்குடா? ஒரே ஒரு கதையிலயாவது ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டு வந்து, கை காலு கழுவிட்டு, உக்காந்து சோறு திங்கட்டும். அதோட முடி.”

“அதுல கதை எங்கடா இருக்கு?”

“நாம தெனம் அதைத்தான பண்றோம். அப்ப நம்மகிட்ட கதையே இல்லியா?”

சரி, இப்போது எழுதிக்கொண்டிருக்கும் நாவலை அப்படியே முடிக்கிறேன், யாரையும் சாகடிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். நீ சமாதானமாகி, தட்டை இழுத்து ரசத்தை ஊற்றிக்கொண்டாய். ஊரே குழம்பில் தொடங்கி ரசத்துக்கு வரும். நீ ரசத்தில் தொடங்கிக் குழம்பில் முடிக்கிற ஆள். கேட்டால், “ருசியானதைக் கடைசியில சாப்புட்டாதான் நாக்குல நிக்கும்” என்பாய்.

கடைசி அத்தியாயம் ஒன்றுதான் பாக்கி இருந்தது. உனக்குக் காய்ச்சல் வந்தது.

வெறும் காய்ச்சல்டா. என் கதையில் எழுதியிருந்தால், “காய்ச்சல்ல எவன்டா சாவான், வேற யோசி” என்று நீயே காகிதத்தைத் தூக்கி எறிந்திருப்பாய். திருச்சி ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்களை மட்டும் ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். நர்ஸ் என்னைப் பார்த்து, “நீங்க யாருங்க?” என்று கேட்டது. புத்தகம் புத்தகமாக எழுதியவனுக்கு வாயில் ஒரு சொல் வரவில்லை. உன் தங்கச்சி எழுந்து வந்து, “எங்க அண்ணந்தாங்க. ஊர்லேருந்து வந்திருக்கு. உள்ள விடுங்க” என்றது. உன்னை வேஷம் மாற்றி வெளியே கூட்டிப் போனவன் நான். கடைசியில் வேஷம் மாறித்தான் உன்னைப் பார்க்க வந்தேன். உன் கை நெருப்பாகச் சுட்டது. என்னைத் தெரிந்ததா உனக்கு? அதை மட்டும் எவரும் எனக்குச் சொல்லப் போவதில்லை.

உன்னை அடக்கம் செய்தபோது கடைசி வரிசையில், உன்னுடன் வேலை பார்த்தவர்களோடு நின்றேன். சத்தம் போட்டு அழ எனக்கு உரிமை இல்லை. அழுதால் யாரென்று கேட்பார்கள்.

வீட்டுக்கு வந்து அந்த அத்தியாயத்தை எழுதினேன். உன் காய்ச்சலை நாவலின் இருவரில் ஒருவனுக்கு வைத்தேன். ஆஸ்பத்திரியும் நர்ஸும் நெருப்பாகச் சுடும் கையும் அப்படியே வந்தன. படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அச்சாகியிருந்தால் எல்லாரும் அழுதிருப்பார்கள். சீ, என்ன பிறவி நான் என்று என்மேலேயே அருவருப்பு வந்தது. கிழித்துப் போட்டேன். சோறு தின்கிற அத்தியாயமும் வரவில்லை. தட்டை வைத்ததும் கை நின்றுவிடும். வாக்கைக் காப்பாற்றாமலே இந்த நாவல் செத்துவிடும் போலிருந்தது.

கல்லறைத் திருநாளன்று வரதராஜன்பேட்டைப் பக்கம் உன் ஊருக்கு வந்தேன். அன்று ஊரே கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, சர்ச் சாமியார் வந்து புனித நீர் தெளித்து மந்திரிப்பதற்குக் காத்திருக்கும். யார் யாருக்கு ஏற்றுகிறார்கள் என்று எவரும் விசாரிப்பதில்லை. அந்தத் துணிச்சலில்தான் வந்தேன்.

உன் அம்மா உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்தில் இடம் விட்டார். பிறகு, “ஏந் தம்பி, பெரம்பலூர்ல உங்க வூட்லதான் சாப்புடுவானாமே. பாப்பா சொல்லுச்சு” என்றார். பாப்பா என்றது உன் தங்கச்சியை.

“ஆமாம்மா.”

“என்ன சாப்புடுவான்?”

சொன்னேன். காரக்குழம்பு, அப்பளம், வெங்காயத்தைப் பச்சையாகக் கடிப்பது, தட்டை மடியில் வைத்துக்கொள்வது, எல்லாம் சொன்னேன்.

“ரசம் மொதல்ல ஊத்திக்குவானா?”

“மொதல்லதாம்மா.”

அவ்வளவுதான். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதார். “சின்னதுலேருந்தே அந்தக் கோணப் பழக்கம். அவுங்க அப்பாட்ட எவ்ளோ அடி வாங்குனான், விட்டானா பாரு.” முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கேட்டார்: “தனியாவா ஒக்காந்து சாப்புடுவான்?”

“இல்லம்மா. நானும் கூடத்தான். தெனமும்.”

என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. பையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து என் கையில் கொடுத்தார். “நீ ஏத்துப்பா.”

காற்று அணைத்து அணைத்துப் போட்டது. அவர் கையைக் குவித்து மறைத்துக்கொண்டார். உன் பெயருக்கு முன்னால் நான் வாய்விட்டு அழுதது அன்றுதான். நான் யாரென்று எவரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே அத்தியாயத்தை எழுதிவிட்டேன். அம்மாவிடம் சொன்னதை அப்படியே எழுதினேன். அவன் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறான், கை கால் கழுவுகிறான், மேனேஜரைத் திட்டுகிறான், சாப்பிடுகிறான். மழை இல்லை. எவரும் சாகவில்லை.

என்னிடம் உன்னுடையதாக இந்தச் சிமெண்ட் கட்டி ஒன்றுதான் இருக்கிறது. இப்போதும் காகிதங்கள்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. எதிர்வீட்டு மாடியில் வாசனை இன்னும் அடங்கவில்லை, அதற்குள் பதிப்பகத்திலிருந்து மெய்ப்புப் பார்க்கிற பெண் போன் செய்தாள்.

“சார், கடைசி அத்தியாயத்துல ஒரு சின்னத் தப்புங்க. வரிசை மாறிப் போயிருக்கு. அவரு ரசத்தை மொதல்ல ஊத்திக்கிறாரு, அப்பறம் குழம்பு வருது. மாத்திடவாங்க?”

“மாத்தாதீங்கம்மா,” என்றேன். “அவன் அப்படித்தான் சாப்புடுவான்.”