மஞ்சள் வண்டிக்குக் கொடி

செப்டம்பர் 8, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவதுபோல் ஒரு பாவ்லா, வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கார் கிளப் பயணத்துக்காகக் கொடிகளைத் துவைத்தேன். பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. சிவப்பு சாயம் விட்டு வீட்டுக்காரருடைய பனியன் எல்லாம் ரோஸ். தறி ஓட்டுகிற வீட்டில் சாயம் போகிற துணி! வெட்கக்கேடு.

அவர் ஒரு பனியனை விரித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது போ. ஞாயித்துக்கெழம இதையே போட்டுக்கறேன்" என்றார். சிரித்தேன். சிரிக்கும்போதே நேற்று நடந்தது ஞாபகம் வந்துவிட்டது.

எழுதி வைக்கிறேன். யாரிடமும் சொல்ல முடியவில்லை, இங்காவது.

நேற்று எங்கள் மஞ்சள் வண்டியில் நானும் அவரும், ஓட்டியது அவர். ஆட்டையாம்பட்டி பிரிவு தாண்டி ஒரு பால்காரர் குறுக்கே வந்தார். பிரேக் இல்லை. ஹாரன் இல்லை. திரும்பி அவரைப் பார்த்தால், கண் திறந்திருக்கிறது, ஆள் அங்கே இல்லை. வாய் மட்டும் எதையோ மெல்லுகிறது. ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன். பால்காரர் மண்ணில் இறங்கி விழுந்தார். கேன் உருண்டது. சில நொடிதான். அப்புறம் இவர் என்னையே கேட்கிறார்: "என்ன புள்ள, ஏன் இழுக்கறே?"

பால்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார். எதற்குத் திட்டுகிறார் என்று தெரியாமல் இவர் முழித்தார். வீட்டுக்கு வந்ததும், "தூக்கக் கலக்கம்." அவ்வளவுதான். பேச்சு முடிந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாலை கிளப் கூட்டம், பிரகாஷின் டயர் கடை மாடியில். பிரகாஷ்தான் செயலாளர். மிக்சர் நமுத்துப்போயிருந்தது.

வழக்கம்போல இந்த வருஷமும் காப்பகத்துப் பிள்ளைகளை வண்டிக்கு ஒருவராக ஏற்றிக்கொண்டு ஏற்காடு. கொண்டப்பநாயக்கன்பட்டி அடிவாரத்தில் புறப்பாடு. முதல் வண்டி இவர். கொடி நான். மற்ற பெண்களுக்கு எல்லாம் சாப்பாட்டுப் பொட்டலம். எனக்குத் தொண்டை பெரிசு, அதனால் கொடி.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இவர் விதி சொன்னார். இவரே போட்ட விதி. "செவப்புக் கொடி காட்டுனா வண்டி நிக்கோணும். அங்க வெச்சு யேன்னு கேக்கப்படாது. சாவியக் குடுத்துப்போட்டு எறங்கிரோணும். பேச்செல்லாம் மேல போயி டீ குடிச்சப்பறம். தலைவரா இருந்தாலும் அதுதான், புதுசா வந்தவரா இருந்தாலும் அதுதான்."

"அக்கா அண்ணனுக்கே காட்டிருவாங்களாட்ட இருக்குது!" என்றான் பிரகாஷ். எல்லோரும் சிரித்தார்கள். இவரும்தான். இத்தனை வருஷத்தில் அந்தச் சிவப்புக் கொடி கண்ணாடி துடைக்கத்தான் ஆகியிருக்கிறது.

நான் மட்டும் குனிந்து மிக்சரைக் கிளறினேன்.

செப்டம்பர் 10, புதன்

வேலை: தண்ணீர் கேன் சொல்ல. பாப்கார்ன் வேண்டாம் (போன வருஷம் வாந்தி). கேரி பேக்.

காப்பகத்துக்குப் போனோம். வண்டிகளைச் சுவரோரம் நிறுத்திப் பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கச் சொல்வது வழக்கம். ஒரு சின்னப் பெண், யாழினி, முன்பல் இரண்டும் இல்லை, நேராக மஞ்சள் வண்டிக்கு வந்து கதவின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"இது எனக்கு. மாமா, பஸ்ஸையெல்லாம் முந்துவீங்களா?"

"முந்தாம பின்ன? உன்னை ஏத்திக்கிட்டு நத்தையாட்டமாப் போவனா சாமி?"

அவள் சிரித்தாள். வளைவில் திரும்பும்போது இவர் கண் அப்படிப் போனால்? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பக்கத்தில் இந்தக் குழந்தை. ஸ்டியரிங்கை இழுக்க நான் இருக்க மாட்டேன். அந்த வண்டியில் இரண்டே சீட்.

செப்டம்பர் 11, வியாழன்

காலை பெங்களூரிலிருந்து மகள் தீபாவின் போன். சொல்லிவிட்டேன். "அம்மா, அது தூக்கம் இல்ல. ஃபிட்ஸ்ல அப்படி ஒரு வகை இருக்கு. டாக்டர் பாக்கற வரைக்கும் அப்பா வண்டியத் தொடக் கூடாது." சொல்வது சுலபம். அவள் அங்கே இருக்கிறாள்.

மதியம் அவரிடம் பேசினேன். கும்பிட்டுக் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "ஊரெல்லாஞ் சொல்லி என்னைய ஊட்டுல உக்கார வெச்சுரு. சந்தோசந்தானே உனக்கு?"

அந்த வண்டி வந்த பிறகுதான் மனிதர் மனிதராக இருக்கிறார். அதற்கு முன்னால் தறிச் சத்தமும் கட்டிலும்தான். அதுவும் தெரியும். அதனால்தான் வாய் எழவில்லை.

மாலை பிரகாஷுக்குப் போன் போட்டேன். "சொல்லுங்கக்கா." சொல்லாமல், தயிர் சாதமா எலுமிச்சையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நானெல்லாம் ஒரு ஆளு! கொடி பிடிக்கிறாளாம் கொடி.

செப்டம்பர் 12, வெள்ளி

இரவு நல்ல மழை. காலையில் வெயில் சுள்ளென்று.

மறுபடியும் வந்தது. சாப்பிடும்போது. சாம்பார் கரண்டி கையில், ஊற்றுகிறார், ஊற்றிக்கொண்டே இருக்கிறார். தட்டு நிறைந்து மேஜையெல்லாம் ஓடி வேட்டியில் சொட்டுகிறது. வாய் மெல்லுகிறது. "ஏனுங்க! ஏனுங்க!" தோளைப் பிடித்து உலுக்கினேன். கல் மாதிரி. பிறகு சட்டென்று வந்துவிட்டார். தட்டைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. எழுந்துபோய்க் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

பயம். வேறு எதுவும் எழுத வரவில்லை. பயம்.

செப்டம்பர் 13, சனி

ஒரு காரியம் செய்தேன். அவர் தறிப் பட்டறைக்குப் போனதும் மஞ்சள் வண்டியின் பேட்டரி வயரைக் கழற்றி விட்டேன். முன்பு அவர் செய்து பார்த்திருக்கிறேன். ஸ்பேனர் போட்டு. கை கறுப்பாகிவிட்டது, சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். வண்டி கிளம்பாது, ஞாயிறு போகும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு நானே சபாஷ்.

பத்து மணிக்கு வந்து சாவி திருப்பினார். சத்தமே இல்லை. குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டார்.

அவ்வளவுதான். எடப்பாடியிலிருந்து ஒரு கார், சேலத்திலிருந்து இரண்டு. தூக்க முடியாத டூல் பெட்டியோடு பிரகாஷ். மாமியார் வீட்டு விருந்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தம்பி மாப்பிள்ளைச் சட்டையோடு வந்து வண்டிக்கு அடியில் படுத்தான். எங்கள் கிளப்பில் ஒருவர் வண்டி நின்றால் மற்றவர்களுக்குத் திருவிழா. நான் நின்று தோசை சுட்டேன். என் பயத்துக்கு நானே தோசை!

"வயர் லூசாகிப்போச்சுங்கண்ணா, அவ்வளவுதான். எல்லாம் இறுக்கியாச்சு. இனி ஏற்காடு என்ன, ஊட்டிக்கே போலாம்." பிரகாஷ் தோசையை மென்றுகொண்டே.

இவர் என் விரல் நகத்தைப் பார்த்தார். கறுப்பு முழுக்கப் போகவில்லை. சட்னி கேட்டார்.

கொடிகள் காய்ந்துவிட்டன. சிவப்பு கொஞ்சம் வெளுப்பு.

செப்டம்பர் 14, ஞாயிறு

சீக்கிரம் எழுதிவிட வேண்டும்.

அடிவாரத்தில் மேகமூட்டம், குளிர்காற்று. வண்டிகள் வரிசை. பிள்ளைகள் கூச்சல். யாழினி தொப்பி போட்டுக்கொண்டு மஞ்சள் வண்டியில், பெல்ட் கட்டி. அவர் சட்டைக் கழுத்தில் ரோஸ் பனியன் தெரிந்தது. சொன்னபடியே போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் அழுகை முட்டியது.

பிரகாஷ் கத்தினான்: "அக்கா, பச்சை!"

பச்சைக் கொடி வலது கையில். கையைத் தூக்கப் போனேன். வண்டி உறுமியது. என் இடது கை தானாக மேலே போய்விட்டது. சிவப்பு.

எல்லோரும் சிரித்தார்கள், மாற்றிக் காட்டிவிட்டேன் என்று. "அக்கா, அது செவப்புங்க்கா!" நான் இறக்கவில்லை. சிரிப்பு நின்றது. கொடியை இன்னும் உயர்த்திப் பிடித்தேன். அவர் கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார். அடிக்க வருவாரா, திட்டுவாரா, இத்தனை பேர் முன்னால். இந்த முப்பது வருஷத்தில் அவரிடம் நான் இப்படிப் பயந்ததில்லை.

எஞ்சின் அணைந்தது. இறங்கினார். சாவியை என் கையில் வைத்தார். விதிப்படி ஒரு வார்த்தை பேசவில்லை.

யாழினி உதட்டைப் பிதுக்கினாள். "நாம போகலையா? மஞ்சள் வண்டி போகாதா?"

மற்ற வண்டிகளில் வீட்டு ஆட்கள் ஏறி எல்லாச் சீட்டும் நிறைந்துவிட்டது. அவர் குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாவி உங்கையில தானே இருக்குது. நீ ஓட்டு."

"நானா? கோயிலுக்குத் தவிர எங்கீங்க ஓட்டியிருக்கறேன்?"

"மெதுவாப் போ. ரெண்டாவது கியரை விட்டுப் பறந்துராதே."

கொடி இரண்டையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். உட்கார்ந்தேன். பெல்ட் போட்டேன். அவர் முன்னால் போய் நின்று எனக்குப் பச்சை காட்டினார்.

கடைசி வண்டியாகத்தான் போனேன். பஸ் ஹாரன், லாரி ஹாரன், பைக்கில் ஒருவன் "ஆயா, ஓரமாப் போ!" ஆயாவாம். ஒவ்வொரு வளைவிலும் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். யாழினிக்குக் கோபம். "அத்தை, நடந்தே போயிருக்கலாம்." ஆனால் மேலே இறங்கியதும் எல்லோரிடமும், நாங்கள் ஒரு மாட்டு வண்டியை முந்தினோம் என்று சொன்னாள். மலைப்பாதையில் மாட்டு வண்டி ஏது!

அவர் சாப்பாட்டு வேனில் வந்தார். டீ வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிரகாஷ் தயங்கித் தயங்கி, "அக்கா... இப்பச் சொல்லலாமுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர்தான் சொன்னார், டம்ளரைப் பார்த்துக்கொண்டே.

"வண்டி ஓட்டறப்ப எனக்கு நெனவு தப்பிப் போவுது. பால்காரனுக்கு முந்தியே ரெண்டு தடவை ஆயிருக்குது. அவ கொடி காட்டுலீன்னா அந்தப் புள்ளையவும் ஏத்திக்கிட்டுப் போயிருப்பேன்."

முந்தியே. ரெண்டு தடவை. எனக்குத் தெரியாது.

பிரகாஷ் அவர் டம்ளரை வாங்கி இன்னொரு டீ ஊற்றிக் கொடுத்தான்.

இப்போது வீடு. மழை. அவர் கட்டிலில், ரோஸ் பனியனோடு. சற்று முன் கேட்டேன், "இத்தனை நாளும் தெரிஞ்சே ஓட்டுனீங்களா?"

"ம்."

"பயமா இல்லீங்களா?"

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "இருந்துச்சு புள்ள. நீ நிறுத்துவேன்னு பாத்துட்டே இருந்தேன்."

நாளைக் காலை சேலம், டாக்டரிடம். நான்தான் ஓட்டுகிறேன்.